மர விமானம் வாங்கலாமா? பெங்களூர் வெயிலும் மழையும் தாங்குமா?

9 பிப்ரவரி 2025 – கேட்டவர்: சிறகு80

சார், பிபிஎல் (சொந்தமாக விமானம் ஓட்டும் உரிமம்) கையில் இருக்கிறது. சொந்தமாக ஒரு சின்ன விமானம் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பிரான்ஸில் ஒரு ஜோடெல் டி-112 விலைக்கு வந்திருக்கிறது. முழுக்க மரம், மேலே துணி, இரண்டு பேர் உட்காரலாம், 65 குதிரைத்திறன் இன்ஜின். விலை ஒரு நல்ல கார் விலைதான். வீட்டில் ஒரே கேள்வி: "ஐப்பசி வந்தால் வாசக்கதவே மூட மாட்டேன் என்கிறது, விமானத்தைப் போய் மரத்தில் வாங்குகிறீர்களா?" பதில் சொல்லத் தெரியவில்லை. வாங்கலாமா? பெங்களூர் ஜக்கூர் விமானத்தளத்தில் வைத்துக்கொள்ள யோசனை.

10 பிப்ரவரி 2025 – பட்டறைக்காரன்

வீட்டில் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

மரம் நம் ஊருக்கு ஆகாது என்பது பொதுவாகச் சொல்லும் பேச்சு. நான் மரக் கிளைடர்களைப் பழுது பார்த்த பட்டறையில் வேலை செய்தவன், அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜோடெல் ஒன்றும் பொம்மை இல்லை. ஜோலி, டெலமோன்தெ என்ற இருவர் 1946-ல் தொடங்கிய நிறுவனம். அந்த வம்சத்தில் வந்த ராபின் டிஆர்400, 1972-ல் பறந்த மர விமானம். பிரான்ஸின் பறக்கும் கழகங்களில் இன்றைக்கும் தினசரி வேலை பார்க்கிறது.

நீங்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மணி நேரம் பறந்தது, இன்ஜின் எப்படி என்பதெல்லாம் இல்லை. எந்தப் பசை போட்டு ஒட்டினார்கள்? அந்த ஒரு கேள்வியில் பாதி விஷயம் முடிந்துவிடும்.

பழைய விமானங்களில் கேசின் பசை இருக்கும். பாலின் புரதத்தில் செய்தது. ஈரம் பட்டால் பூஞ்சைக்கு அது சாப்பாடு. அப்புறம் வந்தது யூரியா ஃபார்மால்டிஹைடு. கேசினை விட மேல், ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதையும். அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ-யின் பழுதுபார்ப்பு வழிகாட்டி இரண்டையுமே காலாவதியானவை என்கிறது. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் யூரியா பசை வேகமாகக் கெடும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. அது அப்படியே நம் ஊர் விவரம். மூன்றாவது ரிசார்சினால். கருஞ்சிவப்பாக, ஒட்டு ஓரத்தில் ஒரு கோடு தெரியும். வெந்நீரில் போட்டாலும் விடாது. நான்காவது எபாக்ஸி, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

கேசின் என்றால் விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். யூரியா என்றால், பிரித்துப் பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள். ரிசார்சினால் என்றால் மேலே பேசலாம்.

13 பிப்ரவரி 2025

பெங்களூர் ஏலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கிறது. எஃப்-35-ம் சுகோய்-57-ம் ஒரே தளத்தில் நிற்கின்றன. வீட்டு ஜன்னல் அதிர்கிறது. இந்தச் சத்தத்துக்கு நடுவே எழுத வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதே ஏலகங்காவில் 1944-ல் நின்றவை மர விமானங்கள்.

டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ. இரண்டு இன்ஜின், ஒட்டுப்பலகையும் பால்சா என்ற லேசான மரமும் சேர்த்து ஒட்டிய உடம்பு. பிரிட்டிஷ் விமானப்படை, மாஸ்கிட்டோ ஓட்டப் பழக்கும் 1672-ம் பிரிவை ஏலகங்காவில் வைத்திருந்தது. அந்த வருடக் கடைசியில் இந்தியாவிலும் பர்மாவிலும் சில மாஸ்கிட்டோக்களின் இறக்கை ஆகாயத்திலேயே உடைந்தது. எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள். "பசை உருகிவிட்டது, வெப்பமண்டலம் மரத்துக்கு ஆகாது" என்ற பேச்சு அங்கே கிளம்பியதுதான்.

விசாரித்தவர்கள் கண்டது அவ்வளவு எளிதாக இல்லை. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரும் மேல்பலகையும் சேரும் இடத்தில், தொழிற்சாலையில் பொருத்தும்போதே இடைவெளி விட்டிருந்தது. பசை இரண்டு பக்கமும் பிடிக்கவே இல்லை. மரம் இங்கே வந்து ஊறிச் சுருங்கியபோது அந்த இடைவெளி வாயைத் திறந்தது. சேருமிடத்தின் மேல் ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றை ஒட்டி வலுப்படுத்தினார்கள். வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளிநிறச் சாயம் பூசினார்கள்.

ஆகவே விமானத்தைச் செய்தவரின் கை எப்படிப்பட்டது என்று பாருங்கள். சரியாகப் பொருந்தாத மூட்டை ஐரோப்பாவின் மிதமான காற்று முப்பது வருடம் மறைத்து வைக்கும். இங்கே இரண்டு மழைக்காலம் தாங்காது.

14 பிப்ரவரி 2025

ஒருவர் கேட்டார்: "நம் தேக்கில் செய்யக்கூடாதா? கறையான் கூடத் தொடாதே." தேக்கு கன மீட்டருக்கு சுமார் 650 கிலோ. விமானத்துக்குப் போடும் சிட்கா ஸ்ப்ரூஸ் 430 பக்கம். எடைக்கு எடை பார்த்தால் ஸ்ப்ரூஸின் வலுவும் விறைப்பும்தான் அதிகம். அதோடு தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவது கடினம். கப்பலுக்குத் தேக்கு, விமானத்துக்கு ஸ்ப்ரூஸ்.

2 மார்ச் 2025

இப்போது வாசக்கதவுக்கு வருகிறேன்.

மரம் காற்றில் உள்ள ஈரத்தோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாகவே நீடித்தால், மரத்தின் எடையில் 6 சதவீதம் அளவு தண்ணீர் தங்கும். காற்று 85 சதவீதத்திலேயே நின்றால் 18 வரை போகும். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சை வேலை செய்ய 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டும். கவனியுங்கள், பெங்களூர்க் காற்று மட்டும் பட்டு எந்த ஸ்பாரும் உளுத்துப் போகாது. உளுப்பது தண்ணீர் தேங்கும் இடத்தில்தான். அடைந்துபோன வடிகால் துளை, கனோப்பி (விமானி தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடி) ஒழுகி நனைந்த தரைப்பலகை, இறக்கையின் பின்விளிம்பு ஓரம்.

அப்படியென்றால் கதவு ஏன் மூட மாட்டேன் என்கிறது? மரம் நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்ட நீளுவதே இல்லை. குறுக்கே மட்டும் உப்பும். கதவு குறுக்கே பரந்த பலகை, அதனால் பிடிக்கிறது. ஸ்பார் நீளவாக்கு மரம். ஒட்டுப்பலகையில் ஓர் அடுக்கு இப்படி, அடுத்தது அப்படி என்று மாறி மாறி இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பலின் தொல்லை வருவது இரண்டு மரங்கள் குறுக்கு நெடுக்காக ஒட்டிய மூட்டிலும், போல்ட் போட்ட இடத்திலும். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

16 மார்ச் 2025

சென்னையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "பெங்களூரில் மார்ச் மதியம் காற்று காய்ந்து கிடக்கிறது, ஆகஸ்ட் காலையில் சொட்டுகிறது. சென்னையில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே புழுக்கம். ஏற்ற இறக்கம்தான் பகை என்றால் சென்னைதானே மேல்?"

நல்ல கேள்வி, இரண்டு நாள் மனதில் ஓடியது. மரத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூட்டுகளைக் களைப்படையச் செய்வது ஊறுவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான். ஆனால் விமானத்தில் மரம் தனியாக இல்லை. ஸ்பாருக்குள் போகும் எஃகு போல்ட் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். துரு மரத்துக்குள் கறையாக இறங்கி, சுற்றியுள்ள நாரைத் தின்னும். அந்தக் கறுப்பு வளையத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடலோரத்தில் வைத்திருந்த ஒரு கிளைடரில் போல்ட்டைச் சுழற்றி எடுத்தபோது கூடவே மரத்தூள் ஈரமாக வந்தது, கையில் புகையிலைத் தூள் போல ஒட்டியது. வெளியிலிருந்து பார்த்தபோது வார்னிஷ் பளபளவென்று இருந்தது.

அதனால் என் தீர்ப்பு மாறவில்லை, பெங்களூர்தான் நல்லது. நல்ல வார்னிஷ் உள்ளும் புறமும் பூசிய மரம் ஈரத்தை மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியவே தெரியாது. பருவ வித்தியாசம் மட்டும்தான் தெரியும். துருவுக்கு இந்த மாதிரி மருந்து இல்லை.

11 ஏப்ரல் 2025

வெயில் ஏறிவிட்டது. எபாக்ஸி பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

வீட்டில் விமானம் கட்டுபவர்கள் இப்போது பெரும்பாலும் எபாக்ஸிதான் போடுகிறார்கள். ரிசார்சினாலுக்கு மரம் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும், இறுக்கிப் பிடிக்க வேண்டும். எபாக்ஸி சின்ன இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். அதுவரை சரி. ஆனால் அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி, வகையைப் பொறுத்து 50, 60 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் வெளியே நிறுத்திய கருஞ்சிவப்பு இறக்கை அதைச் சுலபமாகத் தாண்டும். வெள்ளை இறக்கை அவ்வளவு சூடாகாது. அதனால் எபாக்ஸி போட்ட மர விமானம் என்றால் நிறம் வெள்ளை, அல்லது வெள்ளைக்குப் பக்கத்தில் ஏதாவது. பழைய பாணி என்று கடும்பச்சையும் கருநீலமும் அடித்த படங்களைப் பார்த்து மயங்காதீர்கள்.

துணிக்கும் இதே வெயில்தான் பகை. பருத்தி, லினன் என்றால் சில வருடத்தில் நைந்துவிடும். பாலியஸ்டர் துணி வாங்குங்கள். வர்ணத்துக்கு அடியில் அலுமினியத்தூள் கலந்த வெள்ளிப்பூச்சு முழுக்க இருக்கிறதா என்று உள்ளிருந்து பாருங்கள். பகலில் விமானத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தால் துணி வழியாக வெளிச்சம் ஊசித்துளி கூட வரக்கூடாது. வந்தால் அங்கே புற ஊதாக்கதிரும் வருகிறது என்று அர்த்தம்.

இன்ஜின். ஜக்கூர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3000 அடி. அந்த உயரத்தில் காற்று 9 டிகிரி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்குப் புத்தகம். மதியம் 35 டிகிரி என்றால் 26 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி கூட்டுங்கள். உங்கள் விமானம் 6000 அடிக்கு மேல் நிற்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். அங்கே 65 குதிரைத்திறன் இன்ஜின் 54 பக்கம்தான் தரும். இரண்டு பேர், எரிபொருள் நிரப்பி, சுற்றிலும் கட்டடங்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

டி-112-ஐ விடுங்கள். அதே குடும்பத்தில் டி-117 இருக்கிறது, கான்டினென்டல் சி90, 90 குதிரைத்திறன். ஹெச்ஏஎல் 1958-ல் பறக்க விட்ட புஷ்பக் என்ற சின்ன விமானத்தில் இருந்ததும் அதே சி90 தான். நம் ஊர் பழைய மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிய இன்ஜின், அது பெரிய ஆறுதல்.

8 ஜூன் 2025

சிறகு80 இப்போது பிரான்ஸ் போகிறார், டி-117 ஒன்றைப் பார்க்க. என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

நம் நாட்டில் மரத்தில் கிளைடர் செய்த காலம் ஒன்று இருந்தது, பலருக்குத் தெரியாது. சிவில் விமானத்துறை வடிவமைத்த கிளைடர்களுக்கு வரிசையாக நட்சத்திரப் பெயர்கள்: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிஷம், ஆர்த்ரா. ரோகிணி 1961-ல் பறந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பழகும் மரக் கிளைடர். இந்திய மழையிலும் வெயிலிலும் பையன்கள் போட்டு இறக்கிப் பழகியவை. அவற்றைப் பரிசோதித்த முறைதான் உங்களுக்கும்.

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்பலகை போர்த்திய இடங்களில், முன்விளிம்பிலிருந்து தொடங்கி, ரிப்புக்கு ரிப்பு (ரிப் என்பது இறக்கையின் விலா எலும்பு மாதிரி) விரல்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஒட்டு "டக்" என்று கெட்டியாகப் பேசும். விட்டுப்போன ஒட்டில் சத்தம் தளர்ந்து, லேசாக ஒரு அதிர்வோடு வரும். உளுத்த மரத்தில் சத்தமே இருக்காது, "தொப்" என்று அமுங்கும். அவசரப்படாதீர்கள், ஒரு பக்க இறக்கைக்கே அரை நாள் ஆகும். விற்பவர் பொறுமை இழந்தால் இழக்கட்டும்.

அடுத்து மூக்கு. பரிசோதனை மூடியைத் திறந்ததும், காற்று உள்ளே போவதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள். நல்ல விமானத்தில் வார்னிஷ் வாசம் வரும். பழைய புத்தக அலமாரி வாசம் வந்தால் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது.

அப்புறம் வடிகால் துளைகள். ஒவ்வொரு அறையின் தாழ்ந்த மூலையிலும் ஒன்று இருக்க வேண்டும். புதிதாக வர்ணம் அடித்தவர்கள் அதை அடைத்துவிடுவது வழக்கம். பளபளக்கும் புது வர்ணத்தைப் பார்த்து சந்தோஷப்படாமல், துளை திறந்திருக்கிறதா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். ஜோடெலில் வால்பக்கம் தாழ்ந்து நிற்பதால் உடம்பில் சேரும் தண்ணீர் எல்லாம் பின்னால்தான் போகும். வால்சக்கரம் பிடித்திருக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

ஜோடெலின் முக்கியமான உறுப்பு அதன் ஒற்றைப் பெட்டி ஸ்பார். இறக்கை நுனிக்கு நுனி ஒரே துண்டு. எங்காவது இறக்கை நுனி தரையில் இடித்ததா, எப்போதாவது கடினமாக இறங்கியதா என்று பதிவேட்டில் தேடுங்கள். அப்படி நடந்திருந்தால் ஸ்பாரின் அழுத்தம் வாங்கும் பக்கத்தில் நாருக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு இருக்கும். நேர் வெளிச்சத்தில் தெரியாது. டார்ச்சை மரத்தோடு படுக்க வைத்து அடித்தால் நிழலாகத் தெரியும். அந்தக் கோடு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

9 ஜூன் 2025

ஈரம் அளக்கும் மின்கருவி கொண்டு போகலாமா என்று ஒரு கேள்வி. கொண்டு போங்கள், ஆனால் ஊசி குத்தும் வகை வேண்டாம். ஸ்பாரில் ஓட்டை போட யாரும் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

20 ஜூலை 2025

பூச்சிகள். கறையானைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சிமென்ட் தரையில் சக்கரத்தின் மேல் நிற்கும் விமானத்துக்கு அது பெரிய ஆபத்து இல்லை. சுவர் ஓரமாக ஒட்டி நிறுத்தாமல், வாரம் ஒரு முறை நகர்த்தினால் போதும். குளவிதான் ஆபத்து. மண்கூடு கட்டும் குளவிக்கு, வேகம் காட்டும் பிட்டோ குழாய் அளவெடுத்துச் செய்த வீடு. 1996-ல் டொமினிக்கன் குடியரசில் 189 பேரோடு விழுந்த 757 விமானத்தில் பிட்டோ குழாயை அடைத்தது குளவிக்கூடு என்றே சந்தேகிக்கிறார்கள். சில நாள் உறை போடாமல் விட்டதால் வந்தது. உங்கள் விமானம் நின்றவுடனே உறை போடுங்கள். எலியும் மரத்தைக் கடிப்பதை விட உள்ளே கூடு கட்டிச் சிறுநீர் கழிப்பதால்தான் அதிகம் கெடுக்கும். ஹேங்கரில் டிபன் பொட்டலம் பிரிக்க யாரையும் விடாதீர்கள்.

17 ஆகஸ்ட் 2025

சிறகு80 திரும்பிவிட்டார். ரிசார்சினால், வெள்ளை வர்ணம், பாலியஸ்டர் துணி, டார்ச்சில் கோடு தெரியவில்லை. மனதார மகிழ்ச்சி. புரொப்பெல்லரும் மரம் என்று சொன்னார், அதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

மர புரொப்பெல்லரைச் சுழற்றுவது போல்ட்டுகள் என்று பலர் நினைக்கிறார்கள். போல்ட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும். சுழற்றுவது, உலோகத் தட்டுக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள உராய்வு. கோடையில் மரம் காய்ந்து சுருங்கினால் அந்த அழுத்தம் குறைகிறது. மரம் தட்டின் மேல் நூலிழை அசையத் தொடங்கும். இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு சின்ன அசைவு. அசைந்தால் தேயும், தேய்ந்தால் சூடாகும், மரம் கருகும், துளை நீள்வட்டமாகும், கடைசியில் போல்ட் உடையும். மழைக்காலத்தில் இதற்கு நேர் எதிர். மரம் உப்பி, போல்ட் தலைக்கு அடியில் நார் நசுங்கும். அடுத்த கோடையில் இன்னும் தளரும்.

ஆகவே மாசியிலும் ஆடியிலும் கட்டாயம், நடுவில் ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும், பூட்டுக் கம்பியை வெட்டி டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) போட்டுப் பாருங்கள். அளவு, புரொப்பெல்லர் தயாரித்தவரின் தாளில் உள்ளதுதான், மெக்கானிக் வாயால் சொல்வது வேண்டாம். கழற்றும்போது மரத்தின் முகத்தில் கருப்புத் தடம் இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பறக்காத நாளில் புரொப்பெல்லரைக் குறுக்குவாக்கில் நிறுத்துங்கள். செங்குத்தாக நிறுத்தினால் ஈரம் கீழ் இலைக்கு இறங்கி எடைச்சமம் கெடும்.

24 செப்டம்பர் 2025

ஹேங்கர் வாடகை அதிகம், தகரக் கொட்டகை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, சுற்றிலும் அடைத்திருக்கிறது, மழை படாது என்கிறார். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசக்கூடாது. அடைத்த தகரக் கொட்டகை பகலில் அடுப்பு, இரவில் கூரையிலிருந்து பனித்துளி சொட்டும். மர விமானத்துக்கு அதை விடக் கெட்ட இடம் கிடையாது. மூன்று பக்கம் திறந்த கூரை கூடப் போதும், காற்று ஓடினால் சரி. கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பலகை இருந்தால் இன்னும் நல்லது. இடம் உறுதியாகாமல் முன்பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வரி: இந்த 22-ம் தேதி முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதமாகிவிட்டது. உங்கள் கணக்கை மறுபடி போடுங்கள். நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-யிடம் இந்த வயதுள்ள விமானத்தை இறக்குமதி செய்து பதிவு செய்வதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய விமானம் 2017-ல்தான் பதிவானது. பல வருடம் அலைந்து வாங்கிய தாள் அது.

எரிபொருள்: பெட்ரோல் பங்கில் இப்போது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் தொட்டிப் பூச்சையும் கார்க் மிதவையையும் அரிக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். சி90-க்கு ஆவ்காஸ் (விமானப் பெட்ரோல்) மட்டும் போடுங்கள். 2022 முதல் இந்தியன் ஆயில் வதோதராவிலேயே ஆவ்காஸ் 100எல்எல் தயாரிக்கிறது. இந்த இன்ஜினுக்கு அதில் ஈயம் அதிகம், பிளக்கை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

2 நவம்பர் 2025

காற்றோட்டமான ஹேங்கரில் ஓரிடம் உறுதியாகிவிட்டது, டிஜிசிஏ-யின் கடிதமும் வந்துவிட்டது என்று செய்தி. அனுப்பும் விதம் மட்டும் மிச்சம்.

இறக்கை 8.2 மீட்டர், ஒரே துண்டு. 40 அடி கன்டெய்னரின் உள்நீளம் 12 மீட்டர், அதனால் நீளத்தில் பிரச்சினை இல்லை. முன்விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தி, ரிப் இருக்கும் இடங்களில் மட்டும் மெத்தை வைத்துத் தாங்கச் சொல்லுங்கள். துணி மேல் எதுவும் படக்கூடாது. கன்டெய்னர் கப்பலின் மேல்தளத்தில் வேண்டாம், கீழே கேளுங்கள். வெயில் பட்ட பெட்டி உள்ளே 60 டிகிரி தொடும், இரவில் உள்கூரையில் தண்ணீர் கோர்த்து மழை போல விழும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைப் பக்கச் சுவரில் தொங்கவிடச் சொல்லுங்கள், விமானத்துக்கு நேர் மேலே வேண்டாம், ஊறினால் சொட்டும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்ற விடவே கூடாது.

ஜனவரியில் ஏற்றினால் பிப்ரவரி, மார்ச்சில் சென்னைத் துறைமுகம். மழை இல்லாத நேரம். வந்ததும் ஹேங்கரில் மூடிகள் எல்லாவற்றையும் திறந்து ஒரு மாதம் சும்மா நிற்க விடுங்கள், மரம் இங்கத்திய காற்றுக்குப் பழகட்டும். அதற்குப் பிறகு இறக்கை பூட்டலாம். போல்ட் இறுக்கும் அன்று எனக்குச் சொல்லுங்கள், டார்க் ரெஞ்சோடு வருகிறேன்.